மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்த நோன்பும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நாளிதழின் ரமலான் சிறப்புப் பக்கத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சுகர் இருந்தும் மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்திவிட்டு முழு நோன்பும் வைக்கிறார், இதுவல்லவா இறைநம்பிக்கை என்று படத்தோடு எழுதியிருந்தீர்கள். எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கீழக்கரையில் மருந்துக்கடையில் நிற்கிறவன். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இங்கே எத்தனை பேர் மாத்திரை அட்டையைத் தூக்கி பீரோவில் வைப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிறை தெரிவதற்கு நாலைந்து நாள் இருக்கும்போதே கடையில் பேச்சு மாறிவிடும். "பிரஷர் மாத்திரை மட்டும் குடுங்க தம்பி, சுகர் மாத்திரை பெருநாள் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், டாக்டரும் இல்லை, மார்க்க அறிஞரான ஆலிம்சாவும் இல்லை. நோன்பு விட்டால் தெருவில் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம்தான் பாதி. எங்கள் பக்கத்தில் நோன்பு மாதத்தில் எதிரே வருகிறவர் முதலில் கேட்பதே "நோன்பா?" என்றுதான், அதற்கு இல்லை என்று சொல்ல எந்த உம்மாவுக்கும் வாய் வராது. பகலில் மாத்திரை போட வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, தம்ளர் சத்தம் கேட்காமல் தண்ணீர் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். திருடுகிற மாதிரி. அல்லாஹ் கொடுத்த சலுகையை அனுபவிக்க எதற்கு ஒளிய வேண்டும்?

குர்ஆனில் நோன்பைக் கடமையாக்குகிற இடத்திலேயே (2:183 முதல் 185 வரை) நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு இருக்கிறது. குர்ஆன் இறங்கிய மாதம் இது, இதில் நோன்பு வையுங்கள் என்று சொல்கிற அதே வசனத்தில்தான், அல்லாஹ் உங்களுக்கு எளிதானதையே விரும்புகிறான், கஷ்டத்தை விரும்பவில்லை என்றும் வருகிறது. ஹிஜ்ரி 8-ல் மக்காவை நோக்கிப் போகும்போது, நோன்பு மக்களுக்குச் சிரமமாக இருக்கிறது என்று தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள் பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு எல்லோரும் பார்க்கும்படி தண்ணீரை உயர்த்திக் காட்டிக் குடித்தார்கள். அப்போதும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்விப்பட்டு, அவர்கள் மாறு செய்பவர்கள் என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்கிற ஹதீஸ் (நபிமொழி) நூலில் இது இருக்கிறது. உங்கள் கட்டுரை அந்த வகையைத்தான் வீரம் என்று பாராட்டுகிறது.

குணமாகக் கூடிய நோய் என்றால் விட்ட நோன்பைப் பிறகு வேறு நாளில் வைத்துக் களா செய்து கொள்ளலாம். தீராத நோய், தள்ளாத வயது என்றால் ஒரு நோன்புக்கு ஒரு முத்து (அது ஒரு அளவை) அரிசியை ஏழைக்கு ஃபித்யாவாக, அதாவது ஈடாக, கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு எடை என்று ஜமாஅத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள்கூட ராத்திரியே நோன்பு வைப்பதாக நிய்யத் வைத்து நோன்போடு வேலைக்குப் போய், உண்மையிலேயே தாங்க முடியாத நிலை வந்தால் நோன்பைப் பாதியில் திறந்துவிட்டுப் பிறகு களா செய்யலாம் என்று நாங்கள் பின்பற்றுகிற ஷாபிஈ சட்டப் பிரிவின் கிதாபுகளில் இருக்கிறது. அதற்காக, சுகர் இருக்கிற எவரும் நோன்பே வைக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்து, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் விடியலுக்கு முன் சாப்பிடுகிற ஸஹருக்கும் நோன்பு திறக்கிற இஃப்தாருக்கும் தோதாக மாற்றிக்கொண்டு நிம்மதியாக வைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது, அதனால்தான் டாக்டரைக் கேட்கச் சொல்கிறேன்.

இன்னொரு பயம், விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது. முறியாது. சோதனைக்கு ரத்தம் எடுப்பதும், தோலுக்கடியில் போடுகிற ஊசியும் நோன்பை முறிக்காது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி முடிவு சொல்லியிருக்கிறது. இன்சுலினும் அப்படிப் போடுகிற ஊசிதான். சுகர் 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நேரம் பார்க்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. நோன்பு திறக்கிற மக்ரிபுக்குப் பத்து நிமிஷம்தானே இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தவர்களைக் கடை வாசலிலேயே பார்த்தாயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (உரையில்) இதை அழுத்திச் சொல்ல வேண்டியது ஆலிம்களின் வேலை, அங்கேயும் குறை இருக்கிறது, அதை நாங்கள் ஊரில் பேசிக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது இரண்டு. நோன்பு மாதம் முழுக்க ஸஹர், இஃப்தார் நேரம் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம், மார்க்கத்தில் அவர்களுக்குச் சலுகை இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம், அந்த நேரத்தைச் சென்னைக்கு மட்டும் போடாதீர்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் சென்னைக்கு மேற்கே தள்ளி இருப்பதால் இங்கே சூரியன் சில நிமிடம் பிந்தித்தான் மறைகிறது, பேப்பரைப் பார்த்துத் திறந்தால் பாங்குக்கு முன்னாலேயே திறந்து அன்றைய நோன்பே போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை