மண்டபங்களுக்கு அனுமதி கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்ட உள்ளூராட்சி சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிறு எங்கள் ஊர் ஆற்றோர மண்டபம் ஒன்றில் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. மறுநாள் விடியற்காலை என் சித்தப்பா தோணியில் போய் வலை வீசினார். (மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.) முதல் வீச்சில் வந்தது 17 தண்ணீர்ப் போத்தல், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை குடித்து முடிக்காதவை. இரண்டாவதில் சோற்றோடு கட்டிய லன்ச் சீற் (சாப்பாடு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாள்), முறிந்த பிளாஸ்டிக் கரண்டிகள். கரண்டி முனை கண்ணியில் மாட்டி, வலை ஒரு முழத்துக்குக் கிழிந்துவிட்டது. அன்று பட்ட இறால் வீட்டுக் கறிக்கே காணாது. அடுத்த இரண்டு நாளும் திண்ணையில் இருந்து வலை பொத்தினார். மனுசன் யாரையும் ஏசவில்லை. ஒரு போத்தலைத் திறந்து முகம் கழுவிவிட்டு, "நல்ல தண்ணிதான்" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். மண்டபங்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கும்போது, நிகழ்வுக் குப்பையைத் தரம் பிரித்துச் சபை வண்டியில் ஏற்றுவது மண்டபத்தின் பொறுப்பு என்று நிபந்தனை போடுங்கள். மீறினால் பத்திரத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

லன்ச் சீற்றுக்கு 2017 இலேயே தடை. பிளாஸ்டிக் தட்டுக்கும் கரண்டிக்கும் 2023 ஒக்டோபரில். எங்கள் சந்தைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கும் வாய் இல்லை. என் மகளின் சாமத்தியவீட்டுக்கு நானும் பெட்டி பெட்டியாகப் போத்தல் இறக்கினேன், ரெஜிபோமில் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கில்) வளைவு வைத்தேன். செம்பில் தண்ணீர் கொடுத்தால் கஞ்சன் என்பார்களே! கோயில் கிடாரத்தை இரவல் வாங்கி, வாழையிலையில் பந்தி வைத்த ஊர்தான் இது. இப்போது ட்ரோன் பறக்காவிட்டால் பிள்ளை பெரியபிள்ளை ஆகவில்லை என்கிற மாதிரி. அந்த வீடியோவில் ஆறு நீலமாக, அழகாகத்தான் தெரிகிறது.

அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானை என்றால் படம் எடுக்க ஆள் வரும். சித்தப்பாவின் வலையைப் பார்க்க யாரும் வரவில்லை. மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று மேடைக்கு மேடை முழங்குகிறீர்கள். முழங்கிக் களைத்தால் குடிப்பதும் அதே போத்தல் தண்ணீரைத்தான்.

சரி, அதை விடுவோம். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். தை மாதக் கல்யாணங்கள் தொடங்குமுன் அந்த ஒரு நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஆற்றோரத்துக் குடியிருப்பாளன்