பலூன்களையும் படியுங்கள்: சில்வியா பிளாத்தின் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சில்வியா பிளாத் வாசகர்களே,

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹெப்டன்ஸ்டால் என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. அங்குள்ள அமெரிக்கக் கவிஞர் சில்வியாவின் கல்லறைக்கு எங்கெங்கிருந்தோ பயணம் செய்து போய், மண்ணில் பேனாக்களைக் குத்தி வைத்துவிட்டு வருகிறவர்கள் உங்களில் உண்டு. அதே கல்லறைக்கு உளியோடு போய், 'சில்வியா பிளாத் ஹியூஸ்' என்ற பெயரிலிருந்து கடைசிச் சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்தவர்களும் நம் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அதுவும் ஒருமுறை அல்ல. ஆங்கிலக் கவிஞரான அவருடைய கணவர் டெட் ஹியூஸ் கல்லைச் சரிசெய்ய எடுத்துச் சென்றார். கல்லறை கொஞ்ச காலம் பெயரில்லாமல் கிடந்தது. 1989 ஏப்ரலில் 'கார்டியன்' நாளிதழுக்குக் கடிதம் போனது: இவ்வளவு பெரிய கவிஞரின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லையே, இது என்ன அலட்சியம் என்று. உடைத்ததும் நம் கூட்டம், காணோமே என்று அங்கலாய்த்ததும் நம் கூட்டம்.

சில்வியா 1963 பிப்ரவரி 11 அன்று லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30. எப்படி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய கவிதையில் ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அதுவே எனக்குப் போதுமான எரிச்சலைத் தருகிறது.

அன்றிலிருந்து நமக்குள் இரண்டு கட்சிகள். கொன்றது ஹியூஸ்தான் என்பது ஒரு கட்சி. 1972இல் அமெரிக்கப் பெண்ணியக் கவிஞர் ஒருவர் கவிதையிலேயே அவர்மேல் கொலைக் குற்றம் சாட்டினார். சில்வியா முதலிலிருந்தே நோயாளி, பாவம் அந்த மனிதர் என்ன செய்வார் என்பது மறுகட்சி. இரண்டு கட்சியின் கையிலும் ஆதாரம் இருக்கிறது. 1962இல் ஹியூஸ் வேறொரு பெண்ணோடு உறவு கொண்டு, மனைவியையும் இரண்டு சிறு குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தார் என்பது உண்மை. சில்வியாவின் கடைசி நாட்குறிப்பை, குழந்தைகள் படிக்க நேரக்கூடாது என்று காரணம் சொல்லி, ஹியூஸே அழித்தார் என்பதும் உண்மை. 2018இல் வெளியான கடிதத் தொகுதியில், 1961இல் கருச்சிதைவுக்கு இரண்டு நாள் முன்பு கணவர் தன்னை அடித்ததாக மருத்துவருக்குச் சில்வியா எழுதியிருக்கிறார். ஹியூஸ் குடும்பத்தார் அதை மறுத்தார்கள். நான் சில்வியாவை நம்புகிறேன். உளி எடுத்த பெண்களின் கோபத்தை வெறும் வெறி என்று ஒதுக்கியவர்கள் அந்தக் கடிதங்களை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் 1953இல், ஹியூஸ் என்றொருவர் இருப்பதே தெரியாத இருபது வயதில், சில்வியா ஒருமுறை சாவின் விளிம்புவரை போய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்து மீண்டவர் என்பதும் உண்மைதான். நோய் இருந்தது, நோயுள்ளவருக்குத் துரோகமும் நடந்தது. இவை ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இந்த எளிய விஷயத்துக்கு நமக்கு ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது?

வழக்கைவிட எனக்குப் பெரிய குறை வேறு. வழக்காடி வழக்காடி, கவிதைகளைச் சாட்சிப் பத்திரங்களாக்கிவிட்டோம். 'எட்ஜ்' என்ற கவிதை உங்களில் பலருக்கு மனப்பாடம். 1963 பிப்ரவரி 5 என்று தேதியிட்டது. இறந்து கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. ஆறு நாளில் அவரும் போய்விட்டார். ஆகவே அது மரண சாசனம் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம். அதே பிப்ரவரி 5 தேதியில் இன்னொரு கவிதையும் இருக்கிறது. பெயர் 'பலூன்கள்'. கிறிஸ்துமஸுக்கு வந்த பலூன்கள் வீட்டுக்குள் சாதுவான பிராணிகளைப் போல அலைகின்றன. மூத்தவள் மூன்று வயதை நெருங்குகிறாள். தம்பிக்கு ஒரு வயது. பலூனுக்கு அப்பால் தெரியும் இளஞ்சிவப்பு உலகத்தைத் தின்றுவிடலாம் என்று அவன் நினைக்கிறான் போலும்; கடித்துவிடுகிறான். பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கையில் எஞ்சிய சிவப்புக் கிழிசலைப் பிடித்தபடி பார்க்கிறான். பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு ஓரக்கண்ணால் கவனிக்கும் தாய்க்குத்தான் இது வாய்க்கும். இதையும் அந்தப் பெண்தான் எழுதினார், அதே குளிர்காலத்தில், அதே வீட்டில். இதை மேற்கோள் காட்டி அழுதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

'ஏரியல்' தொகுப்புக்கு நேர்ந்ததும் இதுதான். மேசைமேல் ஒரு கறுப்புக் கோப்பில் நாற்பது கவிதைகளை வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போனார் சில்வியா. முதல் கவிதை குழந்தை பிறந்த வேளையைப் பற்றியது. கடைசிக் கவிதை 'விண்டரிங்', குளிரைத் தாண்டி உயிரோடிருக்கும் தேனீக்களைப் பற்றியது. 1965இல் ஹியூஸ் வெளியிட்ட பதிப்பில் சுமார் ஒரு டஜன் கவிதைகள் நீங்கின. சாவுக்கு முந்தைய வாரங்களில் எழுதியவை உள்ளே வந்து, முடிவும் இருண்டது. சில்வியாவின் வரிசையில் புத்தகம் 2004இல்தான் அச்சேறியது. அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஒப்பாரி வைத்தே பழகிவிட்டோம். ஹியூஸின் பெயரைக் கல்லிலிருந்து பெயர்த்தவர்கள்கூட, ஹியூஸ் அடுக்கிய வரிசையில்தான் சில்வியாவைப் படித்து வளர்ந்தார்கள்.

இன்னொரு பேச்சும் நமக்குள் உலவுகிறது. இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். அந்த வேதனை இல்லாவிட்டால் அந்தக் கவிதை ஏது, சாவுதான் அவரை மகாகவி ஆக்கியது என்கிறீர்கள். 1962 அக்டோபரை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தனியாக இரண்டு பிள்ளைகளோடு இருந்தபடி, அந்த ஒரே மாதத்தில் 25 கவிதைகள் அளவுக்கு எழுதினார். குழந்தை எழுந்து அழுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அதிகாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து எழுதியவை. தான் படித்த ஸ்மித் கல்லூரியின் இளஞ்சிவப்புத் தாள்களில், ஒரு பக்கம் 'தி பெல் ஜார்' நாவலின் பழைய வரைவு, மறுபக்கம் புதுக் கவிதை. இது சாகத் துடிக்கும் பெண்ணின் காகிதம் அல்ல. தாளை வீணாக்காத ஒரு தொழில்காரியின் காகிதம். அம்மாத இறுதியில் பதிவான நேர்காணலைக் கேளுங்கள். எழுத்தாளர்களைவிட மருத்துவர்களும் மருத்துவச்சிகளுமே தனக்குப் பிடித்த நண்பர்கள் என்கிறார். சொந்த அனுபவம் கண்ணாடி பார்த்துக்கொள்வதாக நின்றுவிடக்கூடாது, ஹிரோஷிமாவோடும் தாஹாவ் நாஜி வதைமுகாமோடும் தொடர்பு கொள்ள வேண்டும் என்கிறார். திடமான, கொஞ்சம் செருக்கான குரல்.

அந்தக் குரலை அடக்கியது நோய். அந்தக் குளிர்காலம் இங்கிலாந்தே உறைந்துபோன குளிர்காலம்; குழாயில் தண்ணீர் உறைந்தது, வீட்டில் தொலைபேசி இல்லை, தாயும் பிள்ளைகளும் மாறி மாறிக் காய்ச்சலில் கிடந்தார்கள். மருத்துவர் ஜான் ஹார்டர் மருந்து எழுதிக் கொடுத்தார், மருத்துவமனையில் இடம் தேடினார், திங்கட்கிழமை காலை செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வர ஏற்பாடும் செய்தார். செவிலியர் வந்தார், அதற்குள் காலம் கடந்திருந்தது. இதில் காவியம் எங்கே இருக்கிறது? சரியான சிகிச்சை சில நாள் முன்னால் கிடைத்திருந்தால் நமக்கு இன்னும் பத்துப் புத்தகங்கள் கிடைத்திருக்கலாம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000இல் சில்வியாவின் நினைவாக லண்டனில், புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் பதிக்கும் நீலப் பலகையைப் பதித்தபோது, மகள் ஃப்ரீடா அதை அம்மா இறந்த ஃபிட்ஸ்ராய் சாலை வீட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. அங்கே அம்மா சில வாரங்கள்தான் இருந்தார். 'தி பெல் ஜார்' எழுதியதும், முதல் கவிதைத் தொகுப்பு வெளியானதும், ஃப்ரீடா பிறந்ததும் சால்காட் சதுக்கத்து வீட்டில். பலகை அங்கேதான் பதிக்கப்பட்டது. தெருவில் ஒருவர் ஃப்ரீடாவிடமே வந்து, பலகை தவறான இடத்தில் இருக்கிறது என்று வாதிட்டாராம். கல்லறை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று தேவையில்லை என்பதுதான் மகளின் நிலைப்பாடு. 2009இல் தம்பி நிக்கலஸும் அலாஸ்காவில் உயிரை மாய்த்துக்கொண்டார். மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். செய்திகளோ தாயின் சாவைத்தான் மறுபடி எழுதின. ஹியூஸ் யாருக்காகப் பிரிந்து போனாரோ அந்த அஸியா வெவில் 1969இல் இறந்தபோது நான்கு வயது மகள் ஷூராவும் கூடவே இறந்தாள். நம் வழக்கு விவாதங்களில் அந்தக் குழந்தை ஓர் அடிக்குறிப்பு.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கல்லூரிகளில் 'டாடி' கவிதை பாடமாக இருக்கும் இடங்களில், முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே கவிஞர் இறந்த விதம் கரும்பலகைக்கு வந்துவிடுகிறது. வேறு இடத்தில் தொடங்குங்கள். தேனீ இனத்தை ஆராய்ந்து நூல் எழுதிய பேராசிரியரின் மகள், தானும் டெவனில் தேனீ வளர்த்தவர் என்று தொடங்குங்கள். 'எட்ஜ்' நடத்தும் நாளில் 'பலூன்க'ளையும் பிரதி எடுத்துக் கொடுங்கள். இது பாடத்திட்டத்தில் இல்லையே, தேர்வில் வராதே என்று மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி