தண்ணீர்ப் பை வைக்க முன், பெட்டிச் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளையும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி, தீவகப் பக்கம் வேக்போர்ட் (படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டுப் பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு) படகு ஓட்டினால் என்ன என்ற யோசனை இப்போது பலரிடம் இருக்கிறது. நல்ல யோசனைதான். பலகையில் நிற்பவர் துள்ளுவதற்குப் படகின் பின்னால் உயர்ந்த அலை எழ வேண்டும். படகு தாழ்ந்து ஓடினால்தான் அந்த அலை எழும். அதற்காகப் பின்பக்கச் சாமான் பெட்டிகளுக்குள் பெரிய பைகளை விரித்து, கடல் தண்ணீரைப் பம்பியால் நிரப்புவார்கள். பை வாங்குவதும் பம்பி பூட்டுவதும் ஒரு நாள் வேலை. அந்தப் பெட்டியின் சுவர் எதற்காகக் கட்டப்பட்டது என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. உயிர்காப்பு அங்கியும் கயிறும் போட்டு வைக்கக் கட்டிய சுவர் அது.

கணக்கு இதுதான். 1.2 மீற்றர் நீளமும் அரை மீற்றர் உயரமும் உள்ள சுவரில், அரை மீற்றர் ஆழத் தண்ணீர் சாய்ந்து நின்றால் மொத்தம் ஏறத்தாழ 150 கிலோ தள்ளும். இதைப் பல சுவர்கள் தாங்கிவிடும். ஆனால் பையின் காற்றுக் குழாயைப் பையின் மேல்மட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றர் உயர்த்திப் படகின் விளிம்பருகே வெளியே விட்டால், பை நிறைந்ததும் தண்ணீர் அந்தக் குழாயில் ஏறி நிற்கும். அந்த உயரத்தின் அழுத்தம் சுவர் முழுவதிலும் சேரும். 150 என்பது 390 கிலோவாகிவிடும். குழாய் மடங்கிப்போனாலோ சாதாளை என்னும் கடற்பூண்டு அடைத்துக்கொண்டாலோ பம்பியின் முழு அழுத்தமும் பைக்குள்தான். இரண்டு மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றக்கூடிய சிறு பம்பிகூட அதே சுவரில் ஒரு தொன்னுக்கு மேல் தள்ளும். சோளகக் காற்றில் படகு அலையில் ஏறி விழும்போது தண்ணீரின் எடை கணநேரம் இரண்டு மூன்று மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சுவர் எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான் அடுத்த கவலை. இயந்திரம் உள்ளே இருக்கும் படகுகளில் பின்பெட்டியின் உட்சுவருக்கு அப்பால் இயந்திரமும் பற்றரியும் எரிபொருள் குழாயும் சுக்கான் கேபிளும் இருக்கும். சுவர் நான்கு விரல் வளைந்தால் கேபிள் இறுகும், பெல்ற்றில் உரசும். பற்றரியின் முனை இரும்பில் தொட்டால் தீ. பெட்டி உடைவதைவிட இதுவே எங்களுக்குப் பயம்.

பலப்படுத்தச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் செய்வது சுவருக்கு மேல் இன்னும் நான்கு மட் (கண்ணாடி நார்ப் பாய்) ஒட்டுவது. காசும், அதை ஒட்டும் ரெசின் பசையும் வீண். தடிப்பை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். தாங்கல் இல்லாத நீளத்தைப் பாதியாக்கினால் பதினாறில் ஒன்றாகக் குறையும். ஆகவே விலா எலும்பு போல விலாக்கள் வைப்பதே வழி. பெட்டிக்கு மூடி இருப்பதால் சுவரின் மேல்விளிம்பில் பிடிப்பே இல்லை. முதலில் வளைவது அதுதான். விளிம்புக்குச் சற்றுக் கீழே முழு நீளத்துக்கும் ஒரு கிடை விலாவும், தரையிலிருந்து அதுவரை 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு நிலை விலாக்களும் போதும். விலாக்களைப் பை இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். அங்கே வைத்தால் சுவர் விலாவை விட்டு விலகப் பார்க்கும், ஒட்டு உரியும். மறுபக்கத்தில் வைத்தால் தண்ணீரே சுவரை விலாவோடு அழுத்திப் பிடிக்கும். இயந்திரப் பக்கம் ஐந்து சென்ரிமீற்றராவது இடைவெளி மிஞ்சுகிறதா என்று முதலில் அளந்து கொள்ளுங்கள். விலாவின் நுனிகள் தரைக் கட்டையிலும் குறுக்குச் சுவரிலும் போய்ச் சேர வேண்டும். நடுவழியில் நின்றுபோன விலா, நின்ற இடத்திலேயே வெடிப்பை உண்டாக்கும்.

விலாவின் உள்ளே வைப்பதற்குக் கடையில் கிடைக்கும் வெள்ளை ரெஜிபோமை வெட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. பொலியஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்து குழியாகிவிடும். மஞ்சள் நிறப் பொலியூரித்தேன் நுரை வையுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த பலகைச் சட்டம். உயரம் 4, அகலம் 5 சென்ரிமீற்றர், மேல் மூலைகள் உருட்டியிருக்க வேண்டும். கூரான மூலையில் மட் படியாது, கீழே காற்று நிற்கும்.

பழைய பைபரில் புதுப் பைபர் ஒட்டுவது தேய்ப்பில்தான் இருக்கிறது. விலா வரும் இடத்திலும் இருபுறமும் ஏழு எட்டுச் சென்ரிமீற்றர் தூரத்துக்கும் 40ஆம் இலக்கத் தேய்ப்புத் தாளால் பூச்சும் மெழுகும் போய் நார் தெரியும்வரை தேய்த்து, தூசு தட்டி, அசிற்றோனால் துடைத்து, அது காய்ந்த பின்பே ஒட்ட வேண்டும். பிறகு சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மட், 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), மறுபடி 450 மட். ஒவ்வொரு படையும் முன்னதைவிட இரண்டு சென்ரிமீற்றர் வெளியே வர வேண்டும். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் உரியும். சுவர் தரையோடும் குறுக்குச் சுவரோடும் சேரும் மூலைகளிலும் ரெசின் களியால் வளைவு கொடுத்து இதே மூன்று படையையும் போடுங்கள். மேற்சொன்ன அளவுள்ள ஒரு சுவருக்கு மட் ஒரு கிலோ, ரோவிங் 700 கிராம், சேதாரமும் களியும் சேர்த்து ரெசின் நான்கு கிலோ பிடிக்கும்.

யாழ்ப்பாணத்து வெயிலில், ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் ஒரு வீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம் போதும். பங்குனி, சித்திரையில் அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள், வாளியிலேயே இறுகிவிடும். அதற்குப் பயந்து ஹார்ட்னரை ஒரு வீதத்துக்குக் கீழே குறைத்தால் ரெசின் ஒருநாளும் முழுதாகக் காயாது. விடியற்காலையில் வேலையைத் தொடங்குவதே மருந்து. இறுகுவதை விரைவாக்கும் அக்சிலரேட்டரைத் தனியே வாங்கிச் சேர்ப்பவர்கள் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் வெடித்துத் தீப்பற்றும். மாரியில் மட் ஈரம் குடிக்கும். பால் நிறமாக வெளுத்துப்போன இடம் தெரிந்தால் அது ஒட்டவில்லை என்று வைத்துக்கொண்டு உரித்தெடுங்கள்.

இறக்குமதிப் படகுகள் சிலவற்றில் இந்தச் சுவர் பைபரே இல்லை, பொலித்தீன் இனப் பிளாஸ்டிக். அதில் எந்த ரெசினும் பிடிக்காது. ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் பிளாஸ்டிக். அதற்கு 40க்கு 40, நான்கு மில்லிமீற்றர் அலுமினியக் கோணச் சட்டத்தை ஆறு மில்லிமீற்றர் துருப்பிடிக்காத போல்ற்றால் ஊடுருவப் பூட்ட வேண்டும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் நைலோன் வளையமும் சீலன்ற்றும் இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்றுவிடும். போல்ற்றின் தலை பைப் பக்கம் இருக்கட்டும், நட்டு மறுபக்கம். பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஸ்குரூ நுனி போதும், பை கிழிய. ஒட்டுப்பலகைச் சுவர் என்றால் அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பலகையை மாற்றாமல் விலா வைப்பதில் பயனில்லை.

நம் பைபர் படகுகளில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் அடைத்துவிட்ட வெற்று அறையையோ நுரை நிரப்பிய அறையையோ வெட்டித் திறந்து பை வைக்க வேண்டாம். படகு தண்ணீர் ஏறிக் கவிழும்போது அதை மிதக்க வைப்பது அந்த அறைதான். எவ்வளவு காசு தந்தாலும் அந்த வேலையை ஏற்க வேண்டாம் என்று சக தொழிலாளரையும் கேட்டுக்கொள்கிறோம்.

340 லீற்றர்ப் பையில் கடல் தண்ணீர் ஏறத்தாழ 350 கிலோ. இரண்டு பை 700 கிலோ, பெரியவர்கள் ஒன்பது பேரின் எடை. படகின் தகட்டில் எழுதியிருக்கும் சுமையிலிருந்து இதைக் கழித்த பிறகே ஆட்களை ஏற்றலாம். பயணிகள் படகுகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவதோடு நிற்காமல் பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. பை இருந்தால், பை நிறைந்த நிலையில் எத்தனை பேர் என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.

வேலை முடிந்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு, படகு தண்ணீரில் இருக்கும்போதே சோதியுங்கள். ட்ரெயிலரில் வைத்து நிரப்பினால் அச்சு முறியும். சுவரின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, காற்பங்கு, அரைப்பங்கு, முழுமை என்று நிறுத்தி நிறுத்தி நிரப்பி நூலுக்கும் சுவருக்கும் இடைவெளியை அளவுங்கள். அரைப்பங்கிலேயே ஐந்து மில்லிமீற்றர் வளைந்தால் மேலே நிரப்பாமல் இன்னொரு விலா வையுங்கள். ஓடும்போது பை நிறைந்திருக்க வேண்டும், அல்லது வெறுமையாக இருக்க வேண்டும். பாதிப் பையில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப் படகைச் சரித்துவிடும். நம் களப்பில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், ஆகவே ஆழமான இடத்துக்குப் போய் நிரப்பி, கரைக்குத் திரும்ப முதல் வெறுமையாக்குங்கள். உறிஞ்சும் வாயில் வலை போடாவிட்டால் சேறும் சாதாளையும் பைக்குள் போய் இரண்டே நாளில் நாறும்.

இப்படிக்கு,
பைபர் படகு திருத்தும் தொழிலாளர்கள் சிலர்,
குருநகர், யாழ்ப்பாணம்.