தையல் போட்ட மறுமாதமே விரல் ஆடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் விபத்தில் கை நரம்பு அறுந்தவரின் வீட்டார் முதலில் கேட்பது, "தையல் போட்டாச்சே, விரல் எப்போ ஆடும்?" என்பதுதான். இதற்கு ஓர் அளவு நாடாவே ஏறக்குறைய பதில் சொல்லிவிடும்.

தையல் போட்டதும் நரம்பின் கீழ்த்துண்டு உயிர்பெற்றுவிடுவதில்லை. அதிலுள்ள இழைகள் சிதைந்துபோகும். 1850-லேயே அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்கு நரம்பில் இதைக் கண்டு எழுதிவிட்டார். மிஞ்சுவது வெற்றுக் குழாய்களும் அவற்றில் வரிசை கட்டி நிற்கும் ஷ்வான் செல்களும்தான் (நரம்பிழையைச் சுற்றி நின்று அதைத் தாங்கும் செல்கள்). மேலிருந்து புது இழை அந்தக் குழாய் வழியே நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கி வர வேண்டும். தையலைத் தாண்டவே சில வாரம் பிடிக்கும். மணிக்கட்டில் அறுந்து, கட்டைவிரல் தசை 8 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 80 நாளோடு ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கழுத்தோரம் அறுந்தாலோ உள்ளங்கைக்கு 70 சென்டிமீட்டர், அதாவது இரண்டு ஆண்டு.

தசை அவ்வளவு நாள் தாங்காது. தொடக்கத்தில் அது நரம்பை ஏற்கத் தயாராகத்தான் இருக்கும். நரம்பு இணைந்திருந்த இடத்தில் மட்டும் குவிந்திருந்த அசெட்டில்கோலின் ஏற்பிகள் (நரம்பு அனுப்பும் வேதிச் செய்தியை வாங்குபவை) தசையின் ஒவ்வொரு நார் முழுதும் பரவும். பழைய இணைப்பின் தடமோ நாரைச் சுற்றிய மெல்லிய உறையிலேயே பதிந்திருக்கும். 1970-களில் தவளைத் தசையில் நாரை அழித்து உறையை மட்டும் விட்டுவைத்துப் பார்த்தார்கள். அப்போதும் திரும்பி வந்த இழை பழைய இடத்திலேயே போய் நின்றது! ஒரே நாருக்கு இரண்டு மூன்று இழைகள் வந்து சேர்வதுண்டு. நாளடைவில் ஒன்று நிலைக்கும், மற்றவை விலகிவிடும். வந்த இழைகள் குறைவு என்றால், ஒரே நரம்பணு கிளைவிட்டு வழக்கத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு நார்களைக்கூட ஏற்று நடத்தும். ஆனால் 12 முதல் 18 மாதம் கடந்தால் நார்கள் சூம்பி, இடையில் கொழுப்பும் தழும்புத் திசுவும் அடைத்துக்கொள்ளும். ஷ்வான் செல்களும் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு இழை வந்தாலும் பெரிய பலன் இல்லை.

ஆகவே கணக்கு 18 மாதத்தை நெருங்கினால், எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு ஓராண்டைக் கழிப்பது பெருந்தவறு. ஆறு மாதத்துக்குள் கை அறுவை நிபுணரிடம் போய்விடுங்கள். வேலை செய்யும் பக்கத்து நரம்பின் ஒரு கற்றையைத் திருப்பி, தசையின் வாசலிலேயே இணைக்க முடியும். 1994-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஓபர்லின் வெளியிட்ட முறையில், சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னார் நரம்பின் கற்றை ஒன்று மேற்கையின் முன்புறமுள்ள பைசெப்ஸ் தசைக்குப் போகிறது; முழங்கை மடங்குகிறது. வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதுதான் இதன் சூட்சுமம்.

காத்திருக்கும் காலத்தில் நல்ல கையால் மற்றக் கையின் ஒவ்வொரு விரல் மூட்டையும் தினமும் முழுதாக மடக்கி நீட்டிவிட வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் தசை உயிர்த்தும் விரல் மடங்காது. சிகிச்சையாளர் கொடுத்த கைத்தாங்கு பட்டையைக் கழற்றி வைக்காதீர்கள். உணர்ச்சியற்ற விரலால் சுடுநீர், தே தாரிக் (சூடான பால் தேநீர்) கிளாஸ் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தசையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஎம்ஜி பரிசோதனையை, காயம்பட்டு மூன்று வாரம் ஆவதற்கு முன் எடுத்தால் சேதத்தின் அளவு சரியாகத் தெரியாது.

மாதம் ஒருமுறை தையல் தழும்பிலிருந்து கீழ்நோக்கி விரல் நுனியால் தட்டிக்கொண்டே வாருங்கள். விரல்வரை 'சுரீர்' என்று ஓடும் இடத்தில் பேனாவால் புள்ளியும் தேதியும் போடுங்கள். அந்தப் புள்ளி மாதத்துக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். மூன்று மாதமாகத் தழும்பிலேயே நின்றால் இழைகள் அங்கே முடிச்சிட்டுக் கிடக்கின்றன என்று சந்தேகிக்கலாம். அடுத்த அப்பாயின்மென்ட் வரை பொறுக்காமல் உடனே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

கை மறுவாழ்வு சிகிச்சையாளர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு