இரண்டு கோடி டாலரைக் கைவிடாதவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

2024 மார்ச் 23ஆம் தேதி அமெரிக்க அதிபரின் கையெழுத்தோடு, வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அரசு அமைப்பான பீஸ் கோருக்கு 2024ஆம் நிதியாண்டுக்கான ஒதுக்கீடு சட்டமாகிவிட்டது. 43 கோடியே 5 லட்சம் டாலர். வெள்ளை மாளிகை கேட்டது 49 கோடியே 50 லட்சம், அது கிடைக்கவில்லை. ஆனால் போன ஆண்டின் தொகை குறையவும் இல்லை. வெளிநாட்டுத் திட்டங்களுக்கான மொத்தப் பணத்திலேயே கத்தி விழுந்த ஆண்டு இது. அப்படியிருந்தும் இந்த ஒரு ஒதுக்கீடு இளைக்காமல் நின்றதற்கு நாடு முழுக்க விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் காரணம். அவர்களில் நம் மாநிலத்தில், நம் சின்னக் குழுவோடு சேர்ந்து உழைத்த உங்களுக்கு இந்த மடல். நேரில் பார்த்தபோது ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னேன். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும்.

என் மகள் இப்போது ஜாம்பியாவில் ஒரு கிராமத்தில் பீஸ் கோர் தன்னார்வலராக இருக்கிறாள். பட்டம் வாங்கிய கையோடு, 'ரெண்டு வருஷம் மீன் வளர்ப்புத் திட்டத்துல வேலை செய்யப் போறேன்மா' என்றாள். அங்குள்ள சிறு விவசாயிகள் மண்வெட்டியால் வெட்டும் குளங்களில் திலாப்பியா மீன் வளர்க்க உடனிருந்து உதவும் வேலை. கிளம்புவதற்கு முன் அவளைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டவள் நான்தான். இன்று அவள் பெம்பா மொழியில் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேசுவதை போனில் கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது. இந்த வேலைக்குள் நான் வந்த வழி அதுதான்.

பீஸ் கோர் பற்றித் தெரியாதவர்களுக்கு ஓரிரு வரி. 1961 மார்ச் 1 அன்று அதிபர் கென்னடியின் ஆணையால் பிறந்த அமைப்பு. அழைக்கும் நாடுகளுக்குத்தான் போகும். இதன் தன்னார்வலர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் மொழியும் தொழிலும் பழகிவிட்டு, இரண்டு ஆண்டு அந்த ஊர்க்காரர்களோடு அவர்களைப் போலவே வாழ்ந்து வேலை செய்வார்கள். இதுவரை 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமானோர் 140க்கு மேற்பட்ட நாடுகளில் பணியாற்றியிருக்கிறார்கள். இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை இருந்தார்கள். பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், தம் 68ஆம் வயதில் பம்பாய் அருகே விக்ரோலியில் செவிலியராக வேலை பார்த்தவர்.

இத்தனை பெருமை இருந்தும் இதற்கு நிரந்தரமான பணம் என்று எதுவும் கிடையாது. ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கினால்தான் உண்டு. நிறைவேற வேண்டிய 12 ஒதுக்கீட்டு மசோதாக்களில், வெளியுறவுத் துறைக்கான மசோதாவுக்குள் ஒரு மூலையில் இது கிடக்கிறது. வசந்த காலத்தில் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்கள் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கு, 'இதற்கு இவ்வளவு கொடுங்கள்' என்று கூட்டாக எழுதுவார்கள். 'டியர் கொலீக்' கடிதம் என்று அதற்குப் பெயர். எத்தனை பேர், எந்தெந்தக் கட்சியிலிருந்து கையெழுத்திட்டார்கள் என்பதற்கு மதிப்பு உண்டு. ஓர் உறுப்பினர் கையெழுத்திட வேண்டுமானால் அவர் தொகுதியிலிருந்து யாராவது கேட்க வேண்டும். கெடு தாண்டிக் கேட்டுப் பயனில்லை. 2016 முதல் 2022 வரை 41 கோடியை ஒட்டியே நின்றிருந்த தொகை 2023ஆம் நிதியாண்டில்தான் 2 கோடி ஏறியது. விலைவாசி ஏறிய வேகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுகளின் 'மாற்றமில்லை' என்பதே ஒரு வெட்டுதான். அதனால்தான் அந்த 2 கோடியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றோம்.

முதல் நன்றி, தொகுதி வாரியாகப் பட்டியல் போட்ட தம்பிக்கு. யார் எந்தத் தொகுதி என்பது பலருக்கே தெரியாது. ஜிப் கோடு என்ற அஞ்சல் குறியீடு மட்டும் போதாது. ஒரே ஜிப் கோடு இரண்டு தொகுதிகளில் விழும். முழு முகவரியையும் கேட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் பெயர், வாஷிங்டன் எண், உள்ளூர் அலுவலக எண், வெளியுறவு விஷயங்களைப் பார்க்கும் உதவியாளர் யார் என்பது வரை நிரப்பிக் கொடுத்தார். பகலில் மென்பொருள் வேலை, பின்னிரவில் இது. காலையில் எழுந்து பார்த்தால் பட்டியலில் புது வரிகள் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டியல் இல்லாமல் நாம் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது.

அடுத்து நம் பெரியம்மா. எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறோம், அமெரிக்கரான அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. 1960களில் தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் கோழி வளர்ப்புத் திட்டத்தில் இருந்தவர். முழங்கால் வலியோடு உறுப்பினரின் அலுவலகத்துக்கு எங்களோடு வந்தார். எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, 'உங்கள் கோரிக்கை என்ன?' என்று நேராகக் கேட்டுவிட்டார். நான் புள்ளிவிவரத்தை எடுக்கப் போனேன். பெரியம்மா தம் கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோழிக்கூட்டின் முன்னால் இருபத்து மூன்று வயதுப் பெண், பக்கத்தில் தலையில் முக்காடிட்ட ஒரு பாட்டி. 'இந்தப் பாட்டியின் பேத்தி இன்றும் எனக்குக் கடிதம் போடுகிறாள். என் வாழ்நாள் முழுக்க இந்த நாட்டுக்கு நான் செய்த மிக நல்ல வேலை இதுதான்' என்றார். பிறகு நிறுத்தி நிதானமாக, 'கடிதத்தில் உங்கள் உறுப்பினரின் கையெழுத்து வேண்டும், கெடு இந்த வெள்ளிக்கிழமை' என்று முடித்தார். உதவியாளர் தேதியை எழுதி அடிக்கோடிட்டதை என் கண்ணால் பார்த்தேன். உறுப்பினர் கையெழுத்திட்டார். பெரியம்மா, கேட்க வேண்டியதை அப்படித் தெளிவாகக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

2020 மார்ச்சில் கோவிட் பரவியபோது 60க்கும் அதிகமான நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 தன்னார்வலர்களை ஒரே மூச்சில் திருப்பி அழைத்தார்கள். பீஸ் கோர் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மறுபடி முதல் குழு வெளியே போக 2022 மார்ச் ஆகிவிட்டது. அப்படித் திரும்பியவர்களில் ஒரு பெண் நம் குழுவில் இருக்கிறார். தாம் பாடம் நடத்திய வகுப்புப் பிள்ளைகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வந்து இறங்கியபோது வேலையும் இல்லை, தங்க வீடும் இல்லை. அந்த வேதனையை வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, இனி போகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடும் திரும்பி வந்தபின் கைத்தாங்கலும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் சொன்னார். பணம் கேட்கும்போதே பாதுகாப்பையும் கேட்க வேண்டும் என்பதில் அவர் ஓரடி பின்வாங்கவில்லை. ஒரு தாயாக உங்களுக்கு நான் பட்ட கடன் தனி, அம்மா.

தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களுக்கு என்ன சொல்வது? 'நாங்க எச்-1பி வேலை விசாவுல இருக்கோம், நாங்க கேக்கலாமா?' என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாகக் கேட்கலாம். தொகுதியில் குடியிருக்கும் எல்லோருக்கும் அந்தத் தொகுதி உறுப்பினர்தான் பிரதிநிதி. வாக்குரிமை இல்லாதவரும், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் அவருக்கு எழுதலாம், அழைக்கலாம், போய்ப் பார்க்கலாம். இது தெரிந்தபின் சனிக்கிழமை வகுப்பு முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே அலைபேசியில் அழைத்தீர்கள். பெரும்பாலும் வாய்ஸ்மெயில்தான் எடுத்தது. பெயர், முகவரி, பீஸ் கோர் கடிதத்தில் கையெழுத்திடுங்கள் என்ற ஒரு வாக்கியம், முப்பது நொடி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அரசு அலுவலகத்துக்கு போன் செய்வதென்றாலே நம்மவர்களுக்கு இருக்கும் பயத்தை மீறி அதைச் செய்தீர்கள். ஒரு தாத்தா ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்தவர். தாம் அழைக்க முடியாது என்பதால் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ஐயா, உங்களுக்கும் நன்றி.

எதிர்த்துக் கேட்டவருக்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும். 'இங்கேயே ஏழைகள் இருக்கிறார்கள், பள்ளிகளில் ஆசிரியர் இல்லை. வெளிநாட்டுக்கு எதற்குப் பணம்? அனுபவமில்லாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் போய் என்ன கிழித்துவிடுவார்கள்?' என்று ஒரு நண்பர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். நியாயமான கேள்வி. மத்திய அரசு செலவழிக்கும் பத்தாயிரம் டாலரில் ஒரு டாலர்கூட பீஸ் கோருக்குப் போவதில்லை என்பது என் முதல் பதில். அதோடு அவர் விடவில்லை. சிறிய தொகை என்பதால் மட்டும் செலவு சரியாகிவிடாது என்றார். அவர் சொன்னது சரி. பிறகுதான் அந்த நாடுகளே கேட்டு வாங்குகிற உதவி இது, உள்ளூர் ஆசிரியரோடும் உள்ளூர் செவிலியரோடும் சேர்ந்துதான் வேலை, ஒரு வாரம் வந்து படமெடுத்துக்கொண்டு போகும் பயணமில்லை என்று விளக்க நேர்ந்தது. அலுவலகங்களில் எங்களிடம் வந்த கடினமான கேள்விகளெல்லாம் அவர் முன்பே கேட்டவைதான். அவர் கடைசிவரை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கெடுவுக்கு முந்தின நாள் தம் உறுப்பினரை அழைத்துப் பேசினார்.

சபையில் இந்தக் கடிதத்தை முன்னெடுத்த ஜான் கராமெண்டி, கேரட் கிரேவ்ஸ் இருவருக்கும் நன்றி. ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. கராமெண்டி தம் மனைவியோடு எத்தியோப்பியாவில் தன்னார்வலராக இருந்தவர். 2019இல் பீஸ் கோரின் பணத்தை முழுதாக நிறுத்தச் சொல்லி ஒரு திருத்தம் சபைக்கு வந்தது. ஆதரவு 110, எதிர்ப்பு 315. இரு கட்சியினரும் சேர்ந்து தோற்கடித்தார்கள். பெயர் தெரியாத உதவியாளர்களையும் மறக்கவில்லை. பல அலுவலகங்களில் எங்கள் பேச்சை அவர்கள்தான் உறுப்பினரின் காதுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த அமைப்பே குடிமக்கள் கேட்டதால் வந்தது. 1960 அக்டோபர் 14, விடியற்காலை இரண்டு மணி, ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம். தேர்தல் பிரசாரத்தில் தாமதமாக வந்திறங்கிய கென்னடி, காத்திருந்த மாணவர்களிடம் வெளிநாடு போய் உழைக்கத் தயாரா என்று கேட்டார். கேட்டதோடு அவர் போய்விட்டார். அதைப் பிடித்துக்கொண்டு மனு எழுதி, கையெழுத்துத் திரட்டியவர்கள் ஆலன், ஜூடித் கஸ்கின் என்ற மாணவத் தம்பதி. திரட்டியதை நவம்பர் தொடக்கத்தில் ஓஹையோவின் டொலிடோவில் கென்னடியின் கையிலேயே கொடுத்தார்கள். அவர் அதிபரான சில வாரங்களில் ஆணை வந்தது. அவர்கள் கையில் பட்டியலும் பேனாவும்தான் இருந்தன, நம்மைப் போலவே.

2024ஆம் நிதியாண்டு, 2023 அக்டோபர் 1இலேயே தொடங்கிவிட்டது, சட்டம் வந்ததோ ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. இடையில், செலவைத் தொடர அனுமதிக்கும் தற்காலிகத் தீர்மானங்களை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். எவ்வளவு பணம் வரும் என்று தெரியாமல் எத்தனை பேரை, எந்த நாட்டுக்கு, எப்போது அனுப்புவது என்று ஒரு நிறுவனம் எப்படித் திட்டமிடும்? அந்த மாதங்களில் சலித்துப்போகாமல் மாதாமாதம் அழைத்துக் கேட்டவர்களை நான் அறிவேன். உங்களுக்குக் கைகூப்பி நன்றி.

2025ஆம் நிதியாண்டுக்கான வேலை தொடங்கிவிட்டது. கையெழுத்திட்ட உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு முதலில் நன்றி சொல்லி அழைப்போம்; கேட்கும்போது மட்டும் போன் செய்கிறவர்கள் என்ற பெயர் நமக்கு வேண்டாம். கையெழுத்திடாத இரண்டு அலுவலகங்களுக்கு மீண்டும் நேரில் போகிறோம். பெரியம்மா இப்போதே பெயர் கொடுத்துவிட்டார். பட்டியலில் முகவரி மாறியவர்கள் தம்பிக்குத் தெரியப்படுத்துங்கள். யாரையாவது இந்த மடலில் விட்டிருந்தால் உரிமையோடு சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். என் மகளின் பணிக்காலம் அடுத்த ஆண்டு முடிகிறது. அதற்குப் பிறகும் நான் உங்களோடு இருப்பேன்.

மிகுந்த நன்றியுடன்,
ஒரு தன்னார்வலரின் அம்மா