பயிற்சி வகுப்பறைக்குள் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ராமநாதபுரம் கரையோரத்தின் ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பு, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு எல்லாவற்றையும் அந்த இருவரே கலந்துபேசி நடத்துகிறார்கள். ஆனால் அவர்கள் எதைக் கற்க வேண்டும் என்பது மட்டும் மேலிருந்து வருகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் குறுவள மையத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது போதாது.

வேதாளை, மரைக்காயர்பட்டினம், மண்டபம் போல அடுத்தடுத்த ஊர்களில் மூன்று பள்ளிகள் பள்ளிக்கு ஒருவராகச் சேர்ந்தாலே, ஒரு பாடத்தை நடத்திப் பார்த்து, பேசித் திருத்திக் கற்கலாம். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் முறைதான் இது. பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரே ஒரு பிழையை எடுக்க வேண்டும். 402-இல் 157 போக 355 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. நடுவில் பூஜ்யம் இருந்தால் எங்கே கடன் வாங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. நான்கு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு கொடுத்து, ஒரு நூறைப் பத்துகளாகவும் அதில் ஒரு பத்தைக் காசாகவும் மாற்றவைக்கலாம். விளையாட்டுத் தாளே போதும்.

ஒருவர் 40 நிமிடம் பாடம் நடத்த, மற்ற இருவரும் ஆளுக்கு மூன்று பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எழுதும் கை நிற்கிறது என்று குறிக்க வேண்டும். விடையைக் காதில் சொல்லிவிட்டால் எல்லாம் வீண். அன்று மாலையே பேச வேண்டும். தள்ளிப்போட்டால் 'பாடம் நன்றாக இருந்தது' என்பதுதான் மிஞ்சும். நடத்தியவர் முதலில் பேசட்டும். திருத்திய பாடம் இரண்டு வாரத்துக்குள் அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். அதிகாரி படிவத்தோடு வந்து உட்கார்ந்தால் அது ஆய்வாகிவிடும். ஒத்திகை பார்த்த பாடம்தான் அரங்கேறும்.

பள்ளியை நடத்தும் இருவரின் கூட்டுப் பொறுப்புக்கும் பழக்கம் வேண்டும். வாரம் அரைமணி உட்கார்ந்து, என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதாவிட்டால் எல்லாம் இருவரில் ஒருவரான தலைமையாசிரியர் தலையில்தான் விழும். பணமும் கையெழுத்தும் அவரிடமே இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் தடை நேரம்தான். ஒருவர் வெளியே போனால் ஐந்து வகுப்பும் மற்றவரிடம். குறுவள மைய நாள்களில் பாதியை இதற்கு விட்டு, அந்த அரைநாளில் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களை எங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்ப வேண்டும் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம் வட்டாரம்