மண்டபம் ஊர் விண்வெளி ஆர்வலர் மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தளித்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் 11 உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நேற்றிரவு இதை எழுதும்போது அந்த எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். இப்போதுதான் தலைகளை எண்ணி நிரப்பினேன். பதிவேட்டின்படி நாம் 34 பேர்.

மரபுப்படி முதலில் நிகழ்ச்சிகள். ஜனவரியில் பொங்கலை ஒட்டி அறிவியல் புனைகதை வாசிப்பு நடந்தது. ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத் திறப்பு விழா நெரிசலில் யாரும் மண்டபம் ஊருக்குள் வந்து சேர முடியாது என்பதால் அந்த வாரக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 25 நண்பகலில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டதைக் கீழே டீக்கடையில் ஒரே கைபேசியில் ஏழு பேர் எட்டிப் பார்த்தோம். ஜூலை 27, அக்டோபர் 15 ஆகிய இரு நாள்களும் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குச் சென்று வந்தோம். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழும்பும் பகுதியைச் சாலையிலிருந்தாவது பார்த்து வரலாம் என்று திட்டமிட்ட பயணத்துக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். வேனுக்குப் பதின்மூன்று பேர் வேண்டும்.

பிப்ரவரிக் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் பூமியில் மோதுவதற்கு 3.1 சதவீத வாய்ப்பு இருப்பதாக பிப்ரவரி 18இல் நாசா கணித்தது. மோதக்கூடிய நாளாகச் சொல்லப்பட்டது 2032 டிசம்பர் 22. அந்தத் தேதி வேறு ஊர்க்காரர்களுக்கு வெறும் தேதி. 1964இல் அதே இரவில்தான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவசரக் கூட்டத்துக்கு 29 பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மூன்று ஆண்டாகச் சந்தா தராத ஒருவர் மாமனாரையும் கூட்டி வந்திருந்தார்.

நாளுக்கு நாள் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறதே, கல் நெருங்கி வருகிறது என்றுதானே பொருள் என்று மாமனார் கேட்டார். இல்லை என்று விளக்கினேன். கல்லின் பாதை சரியாகத் தெரியாதவரை அது வரக்கூடிய இடம் ஒரு பெரிய கரைவலை அளவுக்கு அகலமாக இருக்கிறது. கவனிக்கக் கவனிக்க வலை சுருங்குகிறது. பூமி இன்னும் வலைக்குள் இருப்பதால் சுருங்கிய வலையில் அதன் பங்கு கூடுகிறது. கடைசி இழுப்பில் பூமி வெளியே இருப்பது தெரிந்துவிட்டால் கணக்கு சட்டென்று விழுந்துவிடும். அப்படியே விழுந்தது. ஒரு வாரத்துக்குள் வாய்ப்பு ஒரு சதவீதத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அடுத்த கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். உலகம் அழியாது என்று தெரிந்த பிறகு நம் உறுப்பினர்களுக்கு மன்றத்தில் வேலை இல்லை.

இனி நம் மேசை விளையாட்டுக்கான விண்வெளி வரைபடம். சுருக்கமாகவே சொல்கிறேன்.

இதற்குச் ‘செயலாளரின் தார்ப்பாய்’ என்று ஒரு பட்டப்பெயர் உலவுவது எனக்குத் தெரியும். பெயர் வைத்தவர் யார் என்பதும் தெரியும். அவர் இன்று வரவில்லை. அமெரிக்காவில் 1977இல் வெளியான டிராவலர் என்ற மேசை விளையாட்டை நாம் நான்கு ஆண்டுகளாக ஆடி வந்தோம். நல்ல ஆட்டம். ஆனால் அதன் பழைய விதிப்படி, பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்கும் முன்பே, அது பணியில் செத்துப்போகலாம். தங்கச்சிமடத்து உறுப்பினருக்கு ஒரே மாலையில் மூன்று கேப்டன்கள் செத்தார்கள். நான்காவது முறை அவர் பகடையைத் தொட மறுத்துவிட்டார். நம் கடலுக்கு ஒத்த விதிகளோடு தமிழில் ஓர் ஆட்டம் வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டது பொதுக்குழு, நானல்ல.

ஆறடிக்கு நாலடித் தார்ப்பாயில் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டால் வரைந்தேன். நடுவில் சூரியன். சுற்றிலும் அறுகோணக் கட்டங்கள், கட்டத்துக்கு மூன்று அங்குலம், அதாவது ஒரு பார்செக், 3.26 ஒளியாண்டு. கப்பல் சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்குச் சொந்தம். பயணம் முடிந்ததும் டீசல், ஐஸ் செலவைக் கழித்து மிச்சத்தில் பங்கு. டீசலுக்குப் பதில் ஹைட்ரஜன். ஐஸ் ஐஸாகவே இருக்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டினால் கப்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதி ஒன்றையும் முதலில் எழுதியிருந்தேன். ஆட்டத்திலாவது அந்தக் கோடு இல்லாமல் இருக்கட்டும் என்று நாட்டுப்படகு உறுப்பினர் ஒருவர் சொன்னார். மறுபேச்சில்லாமல் அந்த விதியை அடித்துவிட்டேன்.

பகடைக்குப் பதில் ஆறு சோழி. இதற்கு வந்த எதிர்ப்பு எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டு பகடையில் 12 விழ 36இல் ஒரு வாய்ப்பு. ஆறு சோழியும் நிமிர்ந்து விழ 64இல் ஒன்று, அதுவும் சோழி நாணயத்தைப் போலச் சமமாக விழுந்தால். அது விழுவதில்லை; என் மகளை உட்கார்த்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போட வைத்துப் பார்த்தேன். இதனால் பெரிய விபத்துகள் அபூர்வமாகிவிட்டன, விண்வெளி சப்பென்று இருக்கிறது என்று பொருளாளர் குறைப்படுகிறார். மூன்று கேப்டன்களைப் பறிகொடுத்தவர் குறைப்படவில்லை.

உண்மையான தொல்லை விண்ணிலிருந்து வந்தது. பர்னார்டு நட்சத்திரம் நமக்கு ஏறத்தாழ ஆறு ஒளியாண்டு தொலைவில் உள்ள செங்குறுமீன், அதாவது சிறிய சிவப்பு நட்சத்திரம். அதற்கு ஒரு கோள் இருப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். ஒரு கோளை வரைந்தேன். பெயின்ட் காய்ந்து சில மாதம்கூட ஆகவில்லை, 2025 மார்ச்சில் ஒன்றல்ல, நான்கு என்றார்கள். நான்கும் பூமியைவிடச் சிறியவை, நான்கும் ஒரு வாரத்துக்குள் நட்சத்திரத்தைச் சுற்றி முடிப்பவை. மூன்று அங்குலக் கட்டத்தில் நான்கு கோளைத் திணிக்க நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை. கணக்கில் ‘இதரச் செலவு’ என்ற தலைப்பில் வரும் மெல்லிய தூரிகை அதற்காக வாங்கியது.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மன்றத்துக்கு அந்த 61 நாள்தான் அறுவடைக் காலம். விசைப்படகு உறுப்பினர்கள் கரையில் இருக்கிறார்கள், வீட்டில் இருக்க விரும்புவதில்லை. அதே வாரம் கே2-18பி என்ற கோள் பற்றிய செய்தி வந்தது. 124 ஒளியாண்டு தொலைவு. அதன் காற்றில் டைமெத்தில் சல்பைடு இருப்பதற்கான தடயம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் தெரிவதாகக் கேம்பிரிட்ஜில் மதுசூதன் தலைமையிலான குழு சொன்னது. பூமியில் அந்தப் பொருளைப் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன; கடல் வாடை என்று நாம் சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொன்னவுடன் பின்வரிசையில் ஒருவர், “அப்படியென்றால் அங்கே பாசி இருக்கிறது. மீனும் இருக்கும்” என்றார். கோளை உடனே ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கைதூக்கிக் கேட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், நம் அளவுப்படி அது சூரியனிலிருந்து 38 கட்டம், ஒன்பதரை அடி. தார்ப்பாயைத் தாண்டி, வாசலைத் தாண்டி, வராந்தாவில் விழுகிறது. சாக்பீஸில் வட்டம் போட்டோம். இரண்டு வாரம் அதைப் பற்றியே சண்டை. அதற்குள் மற்ற ஆய்வுக் குழுக்கள் அதே தரவைத் திரும்ப அலசி, தடயம் அவ்வளவு உறுதியானதல்ல என்றன. யார் சொல்வது சரி என்று இங்கே முடிவாகும் முன், கூட்டிப் பெருக்க வரும் அம்மா வராந்தாவைக் கழுவிவிட்டார்.

மே மாதக் கடைசியில் நடந்த வான்நோக்கலை இந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சியாகக் கருதுகிறேன். தனுஷ்கோடிக்கு இரவில் செல்ல அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததால் மண்டபம் தென்கடல் கரையிலேயே கூடினோம். பத்து மணிக்கு மேல் ஆல்பா செண்டாரி, அடிவானத்துக்கு ஏறத்தாழ இருபது பாகை மேலே, விளக்கு வைத்தது போல நின்றது. நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அது. லண்டனில் இருப்பவர் ஊரைவிட்டுத் தெற்கே வராமல் அதை ஒருநாளும் பார்க்க முடியாது. நம் உறுப்பினர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து கடலுக்குப் போகும்போதெல்லாம் பார்த்த நட்சத்திரம்தான் இது என்று இருவர் சொன்னார்கள். பிறகு மாடிக்கு வந்து, தார்ப்பாயில் அதே இடத்துக்குக் கப்பல் விட்டோம். ஆட்டம் முடியும்போது விடிந்திருந்தது.

ஆகஸ்டில் அந்த ஆல்பா செண்டாரியிலேயே ஒரு பெரிய வாயுக் கோள் இருக்கக்கூடும் என்று அறிவிப்பு வந்தது. 2024 ஆகஸ்டில் வெப் தொலைநோக்கிக்கு ஒரு முறை தென்பட்டதாம். 2025 பிப்ரவரி, ஏப்ரல் இரண்டு முறை பார்த்தபோதும் காணவில்லையாம். நட்சத்திரத்துக்கு மிக அருகே போயிருந்தால் தெரியாது என்கிறார்கள். நம்மிலும் அப்படிச் சிலர் உண்டு. பர்னார்டில் பட்ட அனுபவத்தால் இந்தக் கோளைப் பென்சிலில் மட்டும் போட்டேன். நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மாடி ஒழுகியபோது தார்ப்பாய் தப்பியது, பெயின்ட் தப்பியது, பென்சில் கோள் போய்விட்டது. இன்னும் திரும்பப் போடவில்லை.

செப்டம்பர் 7 முழுச் சந்திரகிரகணத்துக்குப் பொதுமக்களை அழைத்திருந்தோம். இரவு 11 மணி முதல் 12.22 வரை முழு மறைவு. ஊர்மக்கள் குடும்பத்தோடு வந்தார்கள், உறுப்பினர்களில் மூவர். வந்தவர்களில் பாதிப் பேர் கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்று சுண்டலைத் தொடவில்லை. வீணாகவில்லை.

சந்தா பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆண்டுக்கு 240 ரூபாய். 34 பேரில் முழுமையாகச் செலுத்தியவர்கள் 13. ஒருவர் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு கொடுத்து வரவு வைத்துக்கொள்ளச் சொன்னார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளர் கேட்டார், எழுதும் முன்பே அது தீர்ந்துவிட்டது. மற்றவர்கள் கைகூப்பும் படத்தைக் கைபேசியில் அனுப்புகிறார்கள். மாடி வாடகைக்கு அந்தப் படத்தைக் காட்ட முடியாது. நூலகத்திலிருந்து எடுத்துப்போன 17 புத்தகங்களும் திரும்ப வேண்டும். முடிவுப் பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள்.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வாசிப்பார் என்று நம்புகிறேன். பொதுவாகச் சொன்னால், வரவு ஓரளவு வந்தது, செலவு அதைச் சற்றே மிஞ்சியது. துண்டு விழுந்ததை ஓர் உறுப்பினர் கைப்பணத்தில் சரிக்கட்டியிருக்கிறார். பெயரைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. இந்த அறிக்கையை வாசிக்க மட்டும் ஒப்புக்கொண்டார்.

மாடியைக் குறைந்த வாடகைக்குத் தந்துள்ள உரிமையாளர், டீக்கடைக்காரர், பெயின்ட் கொடுத்த படகுக் கொட்டகையினர், வராந்தாவைச் சுத்தமாக வைத்திருக்கும் அம்மா ஆகியோருக்கு மன்றத்தின் நன்றி. தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுத் திட்டம் என்று தனியாக எதுவும் எழுதவில்லை. ஆறு ஆண்டு செயலாளராக இருந்துவிட்டேன், வேறு யாராவது வருவதென்றால் மகிழ்ச்சியோடு விலகுகிறேன். சாவி, பதிவேடு, சோழிப்பை மூன்றையும் இன்றே தருவேன். தார்ப்பாயை மடிப்பதில் மட்டும் ஒரு முறை இருக்கிறது: சூரியன் உள்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் பர்னார்டு உரிந்துவிடும். புதியவருக்கு உட்கார்ந்து காட்டித் தர ஒரு நாள் போதும். அவசரமில்லை என்றால் மே மாதக் கடைசிவரை என் வீட்டிலேயே இருக்கட்டும். தடைக்காலத்தில் ஆல்பா செண்டாரி ஏறும்போது அதை விரித்து வைக்க ஆள் வேண்டும், வாடகையும் அதுவரை கட்டியிருக்க வேண்டும்.

செயலாளர்
மண்டபம், 18.1.2026